நான்காமவருக்கு நாற்காலி எங்கே?

படப்பை என்ற சொல்லுக்குப் பொருள் யாதெனக் கேட்டால், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலையிலே உள்ளதோர் ஊர் என்று விடையளிப்பீர்கள். சங்கத் தமிழைக் கேட்டாலோ வேறு விடை கிடைக்கும். படப்பை எனில் தோட்டம். மனையை ஒட்டிய கொல்லை. காயும் கனியும் கீரையும் விளையும் இடம். அதற்கு அண்மையிலேதான் மணிமங்கலம்! ஏழாம் நூற்றாண்டிலே, படையெடுத்து வந்த சாளுக்கியப் புலிகேசியைப் பல்லவன் நரசிம்மன் புறமுதுகிடச் செய்த களம். பூந்தோட்டமும் போர்க்களமும் அருகருகே அமைந்த மண் அது.

இன்று அந்தத் தோட்டத்தைச் சுற்றி விளைவது என்ன? ஒரகடத்திலே லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும், இருங்காட்டுக்கோட்டையிலே கார், சுங்குவார்சத்திரத்திலே கைப்பேசி. விளைச்சலுக்குக் குறைவில்லை. கப்பலேறிக் கடல்கடந்து செல்லும் பொருளுக்கும் பஞ்சமில்லை. எந்திரத்திற்கு எத்தனை மணிக்கு ஒருமுறை எண்ணெய் இடவேண்டும் என்பதற்கு ஏடு உண்டு. எந்தத் திருகாணி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. அந்த எந்திரத்தருகே எட்டு மணி நேரம் நிற்கிறாளே ஒரு பெண், அவள் முதுகெலும்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்கு ஏடு எங்கே? அந்த ஏட்டை எழுதவேண்டியவர் யார்? அவருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தோமா? எழுதுகோல் வாங்கக் காசு கொடுத்தோமா? இன்று உங்களோடு நான் பேச விழைவது இதுபற்றித்தான்.

ஒரு காட்சியைத் தீட்டிக் காட்டுகிறேன். இது கற்பனை ஓவியம்தான். ஆயினும் அந்த வட்டாரத்திலே உள்ள எவரும் இதனை அடையாளம் கண்டுகொள்வர்.

காலை நேரம். இரவுப்பணி முடித்தோர், சிவந்த கண்களோடு பேருந்திலிருந்து இறங்குகின்றனர். சாலையோரத்திலே ஒரு பரிசோதனைக் கூடம். அங்கே ஓர் ஆய்வக நுட்புநர்; இரண்டாண்டுப் பட்டயம் பெற்ற பெண். வருவோரிடம் இரத்தம் எடுக்கிறார், குழாயிலே பெயர் எழுதுகிறார், கருவியிலே வைக்கிறார், எண்ணைக் குறிக்கிறார். நாள்தோறும் இதே வேலை. ஒருநாள் அவர் மனத்திலே ஓர் ஐயம் அரும்புகிறது. இருபத்தைந்து வயதும் நிரம்பாத பெண்களுக்கு இத்தனை இரத்தச்சோகையா? சிறுநீர்த் தொற்று என்று வருவோரில் பலர் ஒரே மாதிரியான வேலை செய்பவர்களாக இருக்கிறார்களே, ஏன்? தண்ணீர் பருகினால் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும், சென்றால் வேலை வரிசை தடைப்படும் என்று அஞ்சித் தாகத்தை அடக்கிக் கொள்கிறார்களோ?

நல்ல கேள்வி. நாட்டுக்கு வேண்டிய கேள்வி. ஆனால் அதை அவர் எவரிடம் கொண்டு செல்வார்? மேலாளரிடம் சொன்னால், “நமக்கேன் வம்பு?” என்பார். பெரியவர்களிடம் சொன்னால், “ஆராய்ச்சி செய்ய நீ யார் அம்மா? அறிக்கையைக் கொடு, போதும்” என்பர். எத்தனை பேரைச் சோதித்தால் ஐயம் உண்மையாகும், எவரோடு எவரை ஒப்பிடவேண்டும் என்று அவருக்கும் எவரும் கற்றுக்கொடுத்ததில்லை. மாலையாகிறது. குழாய்கள் கழிவுப்பைக்குப் போகின்றன. கேள்வியும் கூடவே போகிறது!

வள்ளுவர், மருந்து எனும் அதிகாரத்தை முடிக்கையில் மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டினார். நோயுற்றவர் ஒருவர், நோய் தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று, அருகிருந்து அதனைச் செய்துதவுவோர் ஒருவர். நான்காமவரை வள்ளுவர் நான்கில் ஒன்றாகவே எண்ணினார். அரையாகவும் காலாகவும் எண்ணினாரில்லை. நாமோ அவருக்குத் ‘துணை மருத்துவப் பணியாளர்’ என்று பெயர் சூட்டினோம். துணை என்பது தமிழிலே எத்துணை உயர்ந்த சொல்! வாழ்க்கைத் துணை என்கிறோம், வழித்துணை என்கிறோம். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மட்டும் அந்தச் சொல் எடுபிடி என்று பொருள்படத் தொடங்கிவிடுகிறது.

ஆய்வக நுட்புநர், எக்ஸ்ரே எடுப்பவர், இயன்முறை மருத்துவர், செவித்திறன் சோதிப்பவர், கண் சோதிப்பவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகிய இவர்கள் அனைவரும் அந்த நான்காமவர்களே. நோயாளியின் உடலை நாள்தோறும் தொடுவோர் இவர்கள். மருத்துவர் நோயாளியைக் காண்பது சில மணித்துளிகள். இவர்கள் காண்பதோ நெடுநேரம். மாறுதலை முதலில் காணும் கண் இவர்களுடையது. கண்டதைக் கேள்வியாக்கவும், கேள்வியைச் சோதனையாக்கவும், சோதனையைச் சான்றாக்கவும் இவர்களுக்குப் பயிற்சியும் பணமும் வேண்டும் என்கிறேன்.

“அது சட்டத்திலே இல்லையே” என்று எவரேனும் இழுப்பரோ? சட்டத்திலேயே இருக்கிறது, தோழர்களே! 2021-ல் நாடாளுமன்றம், மருத்துவம் சார்ந்த தொழில் வல்லுநருக்கென ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றிற்று. செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் தனி மன்றங்கள் முன்னரே உண்டு. அவர்கள் நீங்கலாக, ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களைப் பத்துப் பிரிவாக வகுத்தது அச்சட்டம். பட்டப்படிப்புப் பெற்ற சுகாதாரத் தொழில் வல்லுநர் என்போர் யாவர் என விளக்கும் இடத்தில், கற்பவர், அறிவுரை கூறுபவர், மேற்பார்வையிடுபவர் என்ற சொற்களோடு ‘ஆராய்பவர்’ என்ற சொல்லும் இருக்கிறது. அந்தப் படிப்பு 3,600 மணி நேரத்துக்குக் குறையலாகாது என்றும் வரையறுத்திருக்கிறது. அதே சட்டம், பட்டய நிலையிலே உள்ள நுட்புநரைப் பற்றிக் கூறுகையில், 2,000 மணி நேரப் படிப்பு என்று வரையறுத்து, நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் உதவும் செயல்முறைப் பணியைச் செய்பவர் என்று நிறுத்திக் கொள்கிறது. பட்டம் பெற்றால் ஆராயலாம். பட்டயம் பெற்றால் பணியை மட்டும் செய்க! ஒரு படிக்கட்டிலே கீழ்ப்படிக்கும் மேற்படிக்கும் நடுவே இத்தனை பள்ளமா?

மேற்படியிலே நிற்பவருக்கேனும் வாழ்வு வந்ததா? சட்டம் பிறந்து மூன்றாண்டு கடந்தும் பல மாநிலங்களிலே அதற்கு உயிர் வரவில்லை. 2024 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இரண்டு மாதத்திற்குள் நடைமுறைக்குக் கொண்டு வருக என ஆணையிட வேண்டியதாயிற்று. ‘ஆராய்பவர்’ என்ற சொல் சட்டப் புத்தகத்திலே ஏறிற்று. பையிலே பணமாக இன்னும் இறங்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-ல் ஓர் அருமையான திட்டத்தைத் தொடங்கிற்று. இளநிலை மருத்துவ மாணவர், ஒரு வழிகாட்டியின்கீழ் இரண்டு மாதம் சிறு ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை. மருத்துவ மாணவரும் பல் மருத்துவ மாணவரும் அதனால் பயன்பெற்றனர். நல்ல திட்டம், நூறாண்டு வாழ்க. ஆனால் அதே கல்லூரி வளாகத்திலே, அடுத்த கட்டடத்திலே, ஆய்வக நுட்பவியல் படிக்கிறாளே நம் வீட்டுப் பெண், அவளுக்கென்று அப்படியொரு திட்டம் வேண்டாமா? நுண்ணோக்கி இருவருக்கும் பொது; நோய்க்கிருமி இருவருக்கும் பொது; உதவித்தொகை மட்டும் ஒருவருக்கு உரியதாவது எந்த அறத்தின்பாற்பட்டது?

“நான்காமவர் ஆராய்ந்து என்ன கண்டுவிடப் போகிறார்?” என்று கேட்கும் கனவான்களும் உளர். அவர்களுக்கு நம் சென்னை மாநகரமே விடை கூறும்.

படப்பையிலிருந்து கிழக்கே சென்றால் தாம்பரம். அங்கே 1928-ல் டாக்டர் சௌரி முத்து அமைத்த காசநோய்ச் சானடோரியம், அந்த வட்டாரத்துக்கே பெயராகி நிலைத்துவிட்டது. அந்நாளிலே காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, சத்துணவு, நெடிய ஓய்வு என்பதே உலகத்து மருத்துவம். இலட்சக்கணக்கான ஏழை நோயாளிகளுக்குக் கட்டில் எங்கே? 1956-ல் சென்னையிலே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிக் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்றை நிறுவின. நோயாளிகளிலே ஒரு சாராருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மறு சாராருக்கு அவரவர் குடிசையிலேயே அதே மருந்து. யாருக்கு எது என்பதைத் தற்செயல் முறையிலே முடிவு செய்தனர். 1959-ல் முடிவு வெளியாயிற்று. நெருக்கடியான வீடு, குறைவான உணவு. ஆயினும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டவர், சானடோரியத்தில் இருந்தவருக்கு நிகராகக் குணமடைந்தார். வீட்டிலிருந்தோருக்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. உலகமே தன் முறையை மாற்றிக்கொள்ளக் காரணமாயிற்று சென்னைச் சோதனை!

அந்தச் சோதனையைத் தாங்கி நின்ற தோள்கள் எவருடையவை? அறிஞர் வாலஸ் ஃபாக்ஸ் போன்றோர் திட்டம் தீட்டினர், மறுக்கவில்லை. ஆனால் முன்னறிவிப்பின்றிக் குடிசைக்குச் சென்று மாத்திரையை எண்ணியவர் சுகாதாரப் பார்வையாளர். மருந்தை உண்மையாகவே உட்கொண்டாரா என அறியச் சிறுநீரைச் சோதித்தவரும், சளியிலே கிருமி வளர்கிறதா என வாரக்கணக்கிலே காத்திருந்து கண்டவரும் ஆய்வகப் பணியாளர். அவர்கள் எண்ணிக்கை பிசகியிருந்தால் ஆராய்ச்சியே பிசகியிருக்கும். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டிலே தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நிமிர்ந்து நிற்கிறது.

இன்னொரு சான்று. எய்ட்ஸ் என்பது மேலைநாட்டு நோய், நம் நாட்டை அது நாடாது என்று பலர் நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியிலே நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த நிர்மலாவிடம், அவருடைய ஆசிரியை சுனிதி சாலமன், ஆய்வேட்டுக்குரிய பொருளாக அதையே எடுக்கச் சொன்னார். பெரிய நிதி இல்லை. சொகுசான கூடம் இல்லை. கணவரின் துணையோடு எளிய ஏற்பாட்டிலே இரத்த நீரைப் பிரித்தெடுத்து, வீட்டுக் குளிர்பெட்டியிலே வைத்துக் காத்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சோதனைக்குக் கொண்டு சென்றார் நிர்மலா. 1986-ல் ஆறு மாதிரிகளிலே அந்தக் கிருமியின் சுவடு தெரிந்தது. நாடு விழித்தது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? நிர்மலா மருத்துவர்; ஆகவே ஆய்வேடு எழுதியே தீரவேண்டும் என்ற விதி அவருக்கு இருந்தது; கேள்வியைக் காட்டிக்கொடுக்க வழிகாட்டி இருந்தார். விதியும் வழிகாட்டியும் இருந்தமையால், கொஞ்ச வசதியிலேயே மலையைப் புரட்டினார். விதியும் இன்றி வழிகாட்டியும் இன்றி, மாலைதோறும் கேள்வியைக் கழிவுப்பையிலே போடுகிற நம் நுட்புநர்களிடையே எத்தனை நிர்மலாக்கள் மறைந்து கிடக்கிறார்களோ, யார் கண்டது?

வெளிநாடு என்ன செய்கிறது? பிரிட்டனிலே, மருத்துவமனை அறிவியலாளராக விழைவோருக்கு மூன்றாண்டுப் பயிற்சி, பயிலும்போதே சம்பளம், முதுநிலைப் பட்டமும் அதனுள்ளே அடக்கம். அதற்கு மேலே ஐந்தாண்டு உயர்பயிற்சி. 2006-ல் அமைந்த அவர்களுடைய தேசிய சுகாதார ஆராய்ச்சி அமைப்பு, செவிலியர், இயன்முறை வல்லுநர், ஆய்வக அறிவியலாளர் போன்ற மருத்துவர் அல்லாதாருக்கென்றே படிப்படியாக ஆராய்ச்சி உதவித்தொகைகளை வகுத்தது. மருத்துவர் அங்கே குறைந்துவிட்டாரோ? மருத்துவத்தின் மதிப்புத் தாழ்ந்துவிட்டதோ? இல்லையே!

“இருக்கிற மருந்துக்கே பணமில்லை, ஆராய்ச்சிக்கு ஏது?” என்பர் சிலர். பணம் இருக்கிறது, தோழர்களே, பாதைதான் இல்லை. 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்கெனச் செலவிட்டது, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பிலே நூற்றுக்கு 0.64. முழு ஒன்றுகூட இல்லை! 2023-ல் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைச் சட்டம் செய்து அமைத்து, ஐந்தாண்டிலே 50,000 கோடி ரூபாய் என்று முழங்கினர். அதிலே 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வருமென எதிர்பார்ப்பு. வரும் வரட்டும் என்று வாளாவிருக்கலாமா? நம் கண்ணெதிரே உள்ள இரண்டு ஊற்றுகளைக் காட்டுகிறேன்.

ஒன்று, ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி ஆதாயத்திலே நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் உள்ள நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கும் அதிலிருந்து வழங்கச் சட்டம் இடந்தருகிறது. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் உள்ள பெருநிறுவனங்கள் பேருந்து நிழற்குடை கட்டட்டும், பள்ளிக்குப் பெஞ்சு கொடுக்கட்டும், வாழ்த்துவோம். தம் தொழிலாளர் வாழும் வட்டாரத்திலே உடல்நலத்தை ஆராயும் நுட்புநருக்கும் செவிலியருக்கும் ஆண்டுதோறும் சில உதவித்தொகைகள் வழங்குவது, அதைவிடச் சிறந்த அறமன்றோ?

இரண்டு, தொழிலாளர் காப்பீட்டு நிதி. 1948-ல் பிறந்த திட்டம் அது. 2019 சூலையிலே, தொழிலாளி ஊதியத்திலிருந்து நூற்றுக்கு 0.75, முதலாளியிடமிருந்து 3.25 எனப் பங்கு வரையறுக்கப்பட்டது. தொழிலாளி வியர்வையிலே திரண்ட பணம். தொழிலாளிக்கு வரும் நோயை, தொழிலாளி வாழும் இடத்திலேயே ஆராய்வதற்கு, அதிலே ஒரு சிறு பங்கைக் குறித்து வைத்தால் குடிமுழுகியா போகும்?

ஆராயப் பொருள் இல்லையா? 2021 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். கைப்பேசி ஆலையொன்றின் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியிலே உணவு நஞ்சாயிற்று. 250 பேருக்கு மேல் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டனர். சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையிலே அமர்ந்து அந்தப் பெண்கள் நீதி கேட்டனர். விடுதிகளின் தண்ணீரையும் சமையற்கூடத்தையும் ஆண்டு முழுதும் முறையாகச் சோதித்து ஏடு எழுதும் பயிற்சி பெற்ற கண்கள், அந்த வட்டாரத்திலே இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வெயிலைப் பாருங்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் திருவண்ணாமலைப் பகுதியிலே 800 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து, கடும் வெப்பத்திலே உழைப்போருக்குக் கருச்சிதைவு இருமடங்கு என்று 2024-ல் உலகுக்குக் காட்டினர். வயலிலே கண்ட உண்மை அது; உலைக்களத்திலே, வண்ணப்பூச்சுக் கூடத்திலே காணவேண்டிய உண்மை எத்தனையோ!

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆராய்ச்சி என்ற பெயரால் தொழிலாளியின் இரத்தக் கணக்கு ஆலை மேலாளரின் மேசைக்குப் போகுமாயின், அதுவே அவரை வேலையிலிருந்து நீக்கும் ஓலையாகிவிடும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த அச்சம் இயல்பு. ஆகவே பணம் எவருடையதாயினும், ஆராய்ச்சி பொதுநிறுவனத்தின் கையிலே இருக்கவேண்டும். அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். தொழிலாளியின் மனமார்ந்த இசைவு வேண்டும். பெயர் மறைக்கப்பட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இவற்றைத் தெளிவாகவே வலியுறுத்துகின்றன.

நான்காமவருக்கு நாம் கேட்பவை நான்கு.

முதலாவது நேரம். வாரத்தில் அரைநாளேனும் ஆராய்ச்சிக்கென்று பணிவிதியிலே எழுதித் தரவேண்டும். இரவு வீடு திரும்பி, அடுப்பை மூட்டி, பிள்ளையை உறங்க வைத்துவிட்டு ஆராய்ச்சி செய் என்பது கேலி.

இரண்டாவது பயிற்சி. கதவுகள் சில திறந்தே இருக்கின்றன. ஆயப்பாக்கத்திலே உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம், சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகளை இணைய வழியிலே கட்டணமின்றிக் கற்பிக்கிறது; தேர்வெழுதிச் சான்று பெறத்தான் கட்டணம். பாடம் ஆங்கிலத்திலே, தமிழிலே துணைநூலும் பயிற்சி வகுப்பும் வேண்டும் எனக் கேட்போம். செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியிலே பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. படப்பை வட்டாரத்து நுட்புநரும் செவிலியரும் ஆண்டுக்குச் சில வாரம் அங்கே சென்று பயில ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது பணம். ஒன்றிய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை, பயிற்சிக்கும், பணியிலே இடைவெளி விழுந்த பெண் அறிவியலாளர் மீண்டு வருவதற்கும் உதவித்தொகை அளிக்கும் திட்டங்களை வைத்திருக்கிறது. தகுதி உடையோர் விண்ணப்பிக்கட்டும். பட்டயம் பெற்றோருக்கும் பொருந்தும் சிறு நல்கைகளை மாநில அரசு வகுக்கட்டும்.

நான்காவது பெயர். மாதிரி எடுத்தவர், எண்ணியவர், கண்டுபிடித்தவர் பெயர் ஆய்வேட்டின் முகப்பிலே வரவேண்டும். ‘உதவியோர்க்கு நன்றி’ என்ற கடைசி வரியிலே கரைந்துவிடலாகாது.

முடியுமா என ஐயுறுவோர், தமிழகத்திலே 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைக் காணட்டும். எடை, உயரம், கால் வீக்கம், மூச்சின் எண்ணிக்கை, இரத்தத்திலே உயிர்வளி அளவு, பிறர் துணையின்றி நிற்கும் ஆற்றல். இவற்றைச் சுகாதார நிலையப் பணியாளரே பார்த்து, ஆபத்தான நிலையில் உள்ளோரை உடனே பிரித்து மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். களப்பணியாளர் கண்ட கணக்கே நோய்ப்பரவியல் நிறுவனத்தாரின் ஆராய்ச்சிக்கு அடித்தளமாயிற்று. பெரிய கருவி வேண்டியிருக்கவில்லை. தெளிவான கேள்வியும் பயின்ற கையும் போதுமாயிருந்தன.

ஆகவே, தோழர்களே, செய்யவேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். தொழிற்சங்கத்திலே இருப்போர், அடுத்த கோரிக்கைப் பட்டியலிலே ஊதியம், ஊக்கத்தொகை ஆகியவற்றோடு, வட்டார உடல்நல ஆராய்ச்சிக்கு உதவித்தொகை என்பதையும் ஒரு வரியாகச் சேருங்கள். கிராம சபை கூடும் நாளிலே, அது மே 1 ஆயினும் ஆகஸ்ட் 15 ஆயினும், எழுந்து நின்று இதைத் தீர்மானமாக்குங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ பணிபுரிந்தால், இன்று மாலை அருகே அமர்ந்து, “உன் வேலையிலே விடை தெரியாத கேள்வி எது?” என்று கேளுங்கள். அதை ஒரு நோட்டுப்புத்தகத்திலே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

படப்பை தோட்டம். தோட்டத்திலே பூச்சி விழுந்ததை முதலில் காண்பவர், இலையைத் தொட்டுத் தண்ணீர் பாய்ச்சுபவர்தான். அவரை வரப்பிலே நிற்க வைத்துவிட்டு, விளைச்சலைப் பற்றி மாளிகையிலே மாநாடு கூட்டினால் பயிர் பிழைக்குமா? மாநாட்டிலே அவருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அவரை நால்வருள் ஒருவராக எண்ணிவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட வேண்டியது நம் கடமை.